விதை ஒட்டிய பாதங்கள்

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் புரட்டாசி பிறந்துவிட்டால் ஐப்பசி பாதி ஆகிறவரை ஒருவனுக்கும் லீவு கிடையாது. காரணம் புல். சிரிக்காதீர்கள். நானும் போன புதிதில் சிரித்தவன்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக்காரன் நான். எங்கள் ஆட்களுக்கு வலை தெரியும், படகு தெரியும், புல் என்றால் ஆடு தின்பது என்று மட்டும் தெரியும். துபாயை விட்டு உள்ளே தள்ளி, மணல் மேடுகளுக்கு நடுவில் இருந்த அந்த மைதானத்தில் தண்ணீர்க் குழாய் பார்க்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. ஊர் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் புல்லை எழுப்பிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். அங்கே வெயில் காலத்துக்கு ஒரு புல், குளிர் காலத்துக்கு ஒரு புல். வெயில் காலத்துப் புல்லுக்கு வெள்ளைக்காரர்கள் பெர்முடா என்று பெயர் சொல்வார்கள். எந்த வெயிலுக்கும் அசையாது. ஆனால் லேசாகக் குளிர் தட்டினால் போதும், பழுப்படித்துப் படுத்துவிடும். ஆட வருகிறவர்களோ குளிர் காலத்தில்தான் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தங்கள் ஊரில் பனி கொட்டும்போது இங்கே அரைக்கைச் சட்டையோடு ஆட விமானம் ஏறி வருகிறவர்களிடம் பழுப்புத் தரையைக் காட்ட முடியாது. அதனால் புரட்டாசியில் மைதானத்தை மூடிவிட்டு, பெர்முடாவை ஒட்டச் சிரைத்து, அதன் தலையிலேயே ரை என்கிற குளிர் நாட்டுப் புல்லின் விதையைத் தூவி, தண்ணீர் தெளித்து முளைக்க வைப்போம். சீடிங் என்று அதற்குப் பெயர். சில வாரங்களில் மைதானத்தைத் திறந்தாக வேண்டும். அந்தத் தேதி கல்லில் வெட்டியது மாதிரி. அதுவரை லீவு என்ற வார்த்தையை வாயில் எடுத்தால் ஃபோர்மேன் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

ஃபோர்மேன் ஒரு பட்டாணியர், பெஷாவர் பக்கம். ஆள் பனைமரம், குரல் அதைவிட உயரம். அவருக்கு மேலே ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர். மைதானத்தின் புல் முழுக்க அவர் பொறுப்பு. எனக்கு எடுத்த எடுப்பில் யாரையும் பிடிக்காது, அது என் ராசி. இந்த மனிதரையும் பிடிக்கவில்லை. முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது, ஒரு சிகரெட் துண்டு கீழே கிடந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆனால் அவர் புல்லைப் பார்க்கிற அழகு இருக்கிறதே, அதற்கு முன்னால் என் வெறுப்பெல்லாம் நிற்கவில்லை. காலையில் வருவார், மண்டி போடுவார், கன்னத்தைத் தரையோடு தரையாக வைப்பார். அப்படியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு எழுந்து, "மூன்றாவது ஸ்பிரிங்க்ளர் சரியாகச் சுற்றவில்லை" என்பார். போய்ப் பார்த்தால் சரியாகத்தான் சொல்லியிருப்பார். குழாய்க்காரன் நானே கண்டுபிடிக்காததை அவர் புல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

எங்கள் கூட்டத்தில் சிவகங்கைப் பக்கத்து ஆள் ஒருவன் இருந்தான். முப்பது வயது தாண்டியவன். வந்த முதல் வாரமே குனிந்து அந்த பெர்முடாவை ஒரு கொத்துக் கிள்ளி, கணுவைப் பார்த்து, மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, இது நம்ம அருகம்புல்லுண்ணே. பிள்ளையாருக்குச் சாத்துற புல்லு."

"போலே, வெள்ளைக்காரன் அருகம்புல்லுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுதான்?" என்றேன். ஆனால் அவன் சொன்னது உண்மைதான். அதே சாதிப் புல். சீமையில் படித்துவிட்டு வந்த அருகம்புல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை நாங்கள் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். ஃபோர்மேன்கூட 'மாப்ளே பாய்' என்பார். கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு முறை தள்ளிப்போய், நிரந்தர மாப்பிள்ளையாகவே இருந்தவன். முதல் முறை பெண் வீட்டில் ஒரு சாவு. இரண்டாம் முறை எங்கள் பம்ப் சாவு. அதாவது, போன வருஷ சீடிங்கில் பம்ப் எரிந்துபோய், விதை காய்ந்து, பாதி மைதானத்தைத் திரும்ப விதைத்தோம். எல்லார் லீவும் போயிற்று, அவன் முகூர்த்தமும் போயிற்று. கம்பெனி லீவு தருவது ஆடியில், ஆடியில் எவன் பெண் கொடுப்பான்? ஆவணியில் விதைக்கிறதற்கான ஏற்பாடு, தையில் போட்டிகள், வைகாசி ஆனியில் ரை செத்து அருகம்புல் திரும்புகிற நேரம். புல்லுக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஜென்மப் பகை. மிஞ்சியது ஐப்பசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம். பெண்ணின் அப்பா தீர்மானமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: இந்த முறையும் தேதி தவறினால் வேறு இடம் பார்த்துவிடுவோம்.

மாப்பிள்ளை பயந்துகொண்டே ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாக்காரரிடம் போனான். மொழிக்கு உதவியாக நானும் போனேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டு, "மைதானம் திறக்கிற அன்று காலையில் புல் நன்றாக இருந்தால், அன்று சாயங்காலம் நீ விமானம் ஏறலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கைகூடக் குலுக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு, துபாயில் தையல் கடைகள் நிறைந்த சத்வாவுக்குப் போனான். போன வருஷம் தைத்து வைத்த கல்யாணக் கோட்டு இப்போது தொளதொளவென்று தொங்குகிறதாம், பிடிக்கக் கொடுக்க வேண்டுமாம். தையல்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் வருவீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளையும் சிரித்தான். நான்தான் கோபப்பட்டேன்.

அவன் விதைக்கிற கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேர்வே என்பது பந்து போகிற நீண்ட பாதை. அதன் நடுவில் யார் வேண்டுமானாலும் இயந்திரம் வைத்துத் தூவிவிடலாம். ஓரம்தான் கஷ்டம். ஓரத்தில் ஒரு பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவு நெளிவோடு நடக்க வேண்டும். கை கொஞ்சம் ஆடினால் அந்த ஆட்டம் சித்திரை வரை பச்சையாகத் தரையில் தெரியும். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். எங்கள் மைதானம் முழுக்க ஓரம் தள்ளியது மாப்பிள்ளை. வாயில் ஒரு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, கண்ணை வண்டியில் வைக்காமல் எதிரே எங்கோ வைத்துக்கொண்டு, ஒரே வேகத்தில் நடப்பான். குளிர் காலத்தில் மணல் மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தால், பழுப்பும் பச்சையும் பிரிகிற அந்தக் கோடு ஆறு வளைவது போல வளைந்து போகும். எனக்குப் பெருமையாக இருக்கும். நான் தண்ணீர் விட்டவன்தான், ஆனாலும் பெருமைப்படுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சீடிங்கில் ஒரு பெரிய சட்டம் உண்டு. ஃபேர்வே போய் முடிகிற இடத்தில், கொடி நட்ட குழியைச் சுற்றி, கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டிய ஒரு தளம் இருக்கும். அதற்கு கிரீன் என்று பெயர், மைதானத்தில் மொத்தம் பதினெட்டு. கிரீனில் ரை விதைக்கக் கூடாது. அங்கே சுத்தமான அருகம்புல் மட்டும்தான். இரண்டும் கலந்தால் பந்து ஒழுங்காக உருளாது, இங்கே தடுக்கும், அங்கே ஓடும். ரை விதையோ சனியன், செருப்பில் ஒட்டும், காலுறையில் ஏறும், கால்சட்டை மடிப்பில் உட்காரும். அதனால் விதைத்த இடத்திலிருந்து வெளியே வருகிறவன் பிரஷ் போட்டு ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். கிரீன் பக்கமே போகக் கூடாது. ஆஸ்திரேலியாக்காரர் முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வார்: "என் கிரீனுக்குள் ரை கொண்டுபோகிறவன், அதன் கடைசி வேர் வெளியே வருகிறவரை இந்த இடத்தை விட்டுப் போக முடியாது." ஃபோர்மேன் அதை ஹிந்தியில் இன்னும் காரமாகச் சொல்வார்.

விதைத்தாகிவிட்டது. என் வேலை அப்போதுதான் உச்சம். நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதைப் பகல் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, விதை காயாமலும் மிதந்து ஓடாமலும் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது. பக்கத்தில் வந்தாலே எரிந்து விழுவேன். புறாவும் மைனாவும் எந்த ஊரிலிருந்துதான் வருமோ, பந்தி போட்டு உட்கார்ந்துவிடும். தகரத்தைத் தட்டிக்கொண்டு விரட்ட ஆள் போட்டிருந்தோம். மண் சொதசொதவென்று ஈரமாகக் கிடந்தது.

பிறகு ஒரு காலையில் ஆஸ்திரேலியாக்காரர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். தரையைக் காட்டி, படு என்றார். படுத்தேன். நின்று பார்த்தபோது வெறும் சிரைத்த தலையாகத் தெரிந்த தரை, கன்னத்தை வைத்துப் பார்த்தால் முழுக்கப் பச்சை மூட்டம். ஊசி முனை ஊசி முனையாக, எண்ணி மாளாத முளை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், நான் விட்ட தண்ணீர். பின்னால் மணல் மேடு, அதில் ஒரு ஒட்டகம் வேறு நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஏனோ மனைவி பிரசவித்த நாள் நினைவுக்கு வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு குழாயைப் பார்க்கப் போனேன். அன்றிலிருந்து அவர் குதித்தால் நான் முணுமுணுப்பதில்லை.

அதற்கு ஓரிரு நாள் கழித்துத்தான் பதினான்காம் கிரீனில் அது தெரிந்தது.

அதற்கு முன் ஒரு மேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானத்தில் செல்போனுக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் பதினான்காம் கிரீனுக்குப் பின்னால் இருந்த மேடு ஒன்றுதான். மாப்பிள்ளை கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் அப்பா முன்னால் போன் பேச முடியாது. பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தால், கூட வேலை பார்க்கிற டீச்சரின் போனில் கொஞ்ச நேரம் பேசுவாள். அந்த நேரம் எங்களுக்கு டீ நேரம். மாப்பிள்ளை டீயைக் குடிக்காமல் அந்த மேட்டுக்கு ஓடுவான். ஒரு பக்கம் மணல் பள்ளம், மறுபக்கம் ஏரி, சுற்றிக்கொண்டு போனால் போய்ச் சேர்வதற்குள் டீ நேரமே முடிந்துவிடும். கிரீனைக் குறுக்கே கடந்தால் உடனே மேடு. அவன் எந்த வழியாகப் போகிறான் என்று எங்களில் யாரும் கவனித்ததில்லை.

அன்று காலை ஃபோர்மேன் எங்கள் எல்லோரையும் பதினான்காம் கிரீனுக்கு வரச் சொன்னார். ஆஸ்திரேலியாக்காரர் ஓரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சாய்ந்த வெயிலில், அருகம்புல்லின் அடர்ந்த பச்சைக்கு நடுவே, வெளிர் பச்சையாக, பளபளவென்று ரை முளைத்திருந்தது. அதுவும் கால் வடிவத்தில். குதிகால் ஒரு வட்டம், முன்பாதம் ஒரு வட்டம், நடுவில் இடைவெளி. ஒன்றன் பின் ஒன்றாக, இந்த ஓரத்தில் ஏறி அந்த ஓரத்தில் மேட்டுப் பக்கம் இறங்கியது. ஷூ தடம் இல்லை, வெறுங்கால். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் பாதம் போடுவார்களே, அச்சு அசல் அப்படி.

"யே கிஸ்கா பைர் ஹை?" என்றார் ஃபோர்மேன். யாருடைய கால் இது. மேட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஃபோர்மேன் எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்தான்.

"நான்தான் சார்," என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, எடுத்துச் சொல்லுங்க. ஷூவுல விதை இருக்கும்னுதான் கிரீனுக்கு வெளிய, வெதச்ச எடத்துலயே கழட்டி வச்சுட்டுப் போனேன். பிள்ளையார் புல்லு மேல ஷூ போட்டு மிதிக்கவும் மனசு வரல. காலு சுத்தந்தானேன்னு நெனச்சேண்ணே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடப்பாவி, ஈரத் தரையில் நின்ற வெறுங்காலில் ஒட்டுகிற மாதிரி ஷூவில்கூட விதை ஒட்டாதே. ஷூவையாவது பிரஷ் போட்டுத் துடைத்திருப்பான். காலைத் துடைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கோயிலுக்குப் போகிறவன் செருப்பை வாசலில் விடுவான், அதற்கு மேல் என்ன சுத்தம் வேண்டும்? ஒவ்வொரு நாளும் அந்தக் கிரீனில் ஏறும்போது கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்திருக்கிறான். வேண்டுதலோடு விதையையும் சேர்த்துப் போட்டுவிட்டான்.

ஆஸ்திரேலியாக்காரரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பிள்ளையார் என்றால் என்ன என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது, நானோ மாதாவைக் கும்பிடுகிறவன். யானை முகம் உள்ள சாமி, இந்தப் புல் அவருக்குப் பிடித்தமான புல், அதனால் செருப்புப் போட மாட்டான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"சொன்னது சொன்னதுதான். திறக்கிற அன்று காலையில் நானே பார்ப்பேன். ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் லீவு இல்லை."

அன்று முதல் மாப்பிள்ளை அந்தக் கிரீனில் மண்டி போட்டவன்தான். துடைத்த ஷூவை மறுபடி துடைத்து, கால்சட்டையை உதறி, ஒரு பலகை போட்டு அதன் மேல் முட்டி வைத்து, ஒவ்வொரு முளையாகக் கத்தி முனையால் கிளப்பி, டப்பாவில் போடுவான். நாங்கள் வந்து பறிக்கிறோம் என்றால் வேண்டாம் என்பான். "கால் அதிகமானா விதையும் அதிகமாகும்ணே." அதில் இன்னொரு கொடுமை. ரை முளைக்க ஒரு வாரம் ஆகும். போன வாரம் அவன் நடந்ததுதான் இப்போது முளைத்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க நடந்தது இனிமேல்தான் வரும். பறித்து முடித்துவிட்டு நிமிர்வான், மறுநாள் காலையில் பக்கத்திலேயே இன்னொரு பாதம் பச்சையாக எழுந்து நிற்கும். அவன் அவளோடு பேசப் போன ஒவ்வொரு நடையும் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

டீ நேரத்திலும் எழ மாட்டான். போன் பேசவும் போகவில்லை. "சுத்திப் போய் வர்ற நேரத்துல எத்தனை புல்லு பறிக்கலாம்" என்றான். சில நாள் பார்த்தேன். ஒரு நாள் என்னிடம் அவனே கேட்டான்: "அண்ணே, நீங்க ஒரு எட்டு மேட்டுக்குப் போயி, இந்த மாதிரின்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."

எனக்கு இந்தத் தூது வேலையெல்லாம் ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே ஏரியைச் சுற்றி வெயிலில் நடந்து போனேன். மேட்டில் நின்று அவன் போனிலேயே எண்ணை அழுத்தினேன். எடுத்த எடுப்பில் அவள் குரல், "என்னாச்சு, ஏன் நாலஞ்சு நாளாப் போனே இல்ல?"

"நான் அவன் இல்லம்மா. அவன் ரூம்ல கூட இருக்கவன்."

"அவுகளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கான். புல்லு பறிக்கான்."

"லீவு கெடைக்கலன்னு சொல்லச் சொன்னாகளா? அப்படி இருந்தா சொல்லிருங்க. எங்க அப்பா இன்னைக்குச் சாயங்காலம் தரகரை வரச் சொல்லியிருக்காக. நான் என்னத்தச் சொல்லி நிறுத்துறது?"

நான் மொத்தத்தையும் சொன்னேன். அருகம்புல், விதை, வெறுங்கால், கத்தி, எல்லாம். சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"தெனமும் செருப்பக் கழட்டிட்டா நடந்தாக?"

"உனக்குப் போன் போட வாறப்பல்லாம் அப்படித்தாம்மா. கால்தடம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் அவசரமாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "அப்பாவை நான் பார்த்துக்கிறேன். தரகர் வந்தா நானே பேசிக்கிறேன். அவுகள அவசரப்படாமப் பறிக்கச் சொல்லுங்க. வேரு அறுந்துச்சுன்னா மறுபடி தழைஞ்சுரும்." டீச்சர் ஆனாலும் களை பறித்த கை அது. எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. திரும்பி வந்து சொன்னபோது மாப்பிள்ளை கத்தி முனையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு பழையபடி குனிந்தான்.

திறப்பு நாள் வந்தது. அந்தக் காலையின் அழகை என் வாயால் சொல்லி முடியாது. வெயில் காலம் முழுக்க எங்களைப் பொரித்தெடுத்த காற்று அன்று முதல் முறையாகக் கொஞ்சம் இளகியிருந்தது. மணல் மேடுகள் மஞ்சளாக எழுந்து நிற்க, அதற்குள் பாய்ந்து போகிற பச்சை ஃபேர்வேக்கள், ஓரத்தில் மாப்பிள்ளையின் கோடு. முதல் குழியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வாரக் கணக்கில் போன் போட்டு எப்போது திறப்பீர்கள் என்று நச்சரித்தவர்கள். ஒரு கிழவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை அடித்துவிட்டு அதைத் தேடிப் போகிற பைத்தியக்கார ஆட்டம் என்று நான் சொல்லித் திரிந்த ஆட்டம்தான். முதல் பந்து டக்கென்று கிளம்பி, மணல் மேட்டை விட உயரமாகப் போய், பச்சையில் சத்தமில்லாமல் விழுந்தபோது நான் என்னை அறியாமல் 'அடேயப்பா' என்றேன்.

ஆனால் என் மனம் அங்கே இல்லை. தண்ணீர் விடப் போகிற சாக்கில் ஹோஸ் குழாயை இழுத்துக்கொண்டு பதினான்காம் கிரீனுக்கு ஓடினேன். பனித்துளியைத் தொடக் கூடாது, அப்படியே பார்க்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாக்காரர் சொல்லியிருந்தார். ரை இலையில் பனி பளிச்சென்று மின்னும், தப்பவே முடியாது. மாப்பிள்ளை கிரீனுக்கு வெளியே நின்றான். குளித்து, முடியைப் படிய வாரி, கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். பெட்டி ரூமில் கட்டி வைத்த மாதிரியே இருந்தது. முந்தின நாள் இருட்டுகிறவரை பறித்தவன். பக்கத்தில் ஃபோர்மேன் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்திரேலியாக்காரர் ஷூவைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ஓரத்திலிருந்து தொடங்கி, வயலில் ஏர் போகிற மாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். இடையிடையே மண்டி போட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எழுந்தார், நடந்தார். நானும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஓரத்தோடு கூடவே நகர்ந்தேன். மேட்டுப் பக்கத்து விளிம்புக்கு வந்துவிட்டார். அங்கே போய் மண்டி போட்டவர் எழவில்லை.

நான் எட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. ஒற்றை இலை, நகக்கண் அளவுகூட இல்லை. தலையில் பனி, வைரம் மாதிரி மின்னுகிறது. அன்று காலையில்தான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும், அவன் கடைசியாக நடந்த நடையின் விதை. அம்மா மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அந்த மனிதர் தன் வார்த்தையிலிருந்து இம்மி பிசகி நான் பார்த்ததே இல்லை.

அவர் தலையைத் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு அவர் எங்கள் ஆட்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஷூ கயிறு கட்டுகிறவர் போலக் குனிந்தார். ஒரு விரல் மண்ணில் இறங்கியது. வேரோடு வந்தது. அதை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டு, விரலால் அந்த இடத்தை அமுக்கிச் சமன் செய்தார். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நீ எதையாவது பார்த்தாயா?" என்றார்.

அந்த ஊரில் நாங்கள் எல்லோரும் 'இல்லை' என்பதற்குச் சொல்கிற அரபி வார்த்தைதான் எனக்கு வாயில் வந்தது.

"மாஃபி, சார்," என்றேன். "ஒன்றுமே இல்லை."

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, ஃபோர்மேனைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கலாஸ், முடிந்தது. க்ளீன். அவனை ஏர்போர்ட்டுக்கு அனுப்பு." ஃபோர்மேன் மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்குக் கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாழ்க்கையில் அந்த மாதிரி அழுதவன் இல்லை நான். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஹோஸைத் திறந்து முகத்தில் அடித்துக்கொண்டேன், அது சாக்கடைத் தண்ணீர் என்பதுகூட நினைவில்லாமல்.